எண்ணிட்ட தாளும் எல்லார்க்கும் உரிய சுவரும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் மொழி. உடம்பைப் பேண வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட அம்மொழியை இற்றை நாளில் சொல்லுக்குச் சொல் எடுத்துப் படிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. சித்திரத்துக்காகச் சுவரையே பெயர்த்தெடுக்கும் காலம் இது. 2012-இல் வட இலண்டனின் வுட் கிரீன் பகுதியில், ஒரு மலிவு விலைக் கடையின் பக்கச் சுவரில், தையல் எந்திரத்தின்முன் மண்டியிட்டுக் கொடித் தோரணம் தைக்கும் ஏழைச் சிறுவனின் உருவம் தோன்றியது. எழுதியவர் பாங்க்ஸி என்னும் புனைபெயரினர். 2013 பிப்ரவரியில் அவ்வோவியம் சுவரோடு பெயர்க்கப்பட்டு, கடல் கடந்து, அமெரிக்காவின் மயாமி நகர ஏலப் பட்டியலில் இடம் பெற்றது. ஊர் மக்கள் கொதித்தெழுந்தனர். அந்த ஏலம் நின்றது. ஆயினும் அதே ஆண்டு ஜூன் திங்களில் இலண்டனிலேயே அது விலைபோயிற்று. ஏழு இலட்சம் பவுண்டுக்கு மேல் என்பது செய்தி. குழந்தைத் தொழிலைப் பழிக்க எழுந்த படம் யாருடைய கூடத்துக்குச் சென்றதோ, அன்று ஊராருக்குத் தெரியவில்லை.

சுவரைப் பெயர்க்கும் துணிவுடையோர் மிகச் சிலர். தாளை வாங்கிப் பெட்டியில் பூட்டுவோர் பலர். இக்கட்டுரையின் வழக்கு அந்தத் தாளைப் பற்றியது. தெரு ஓவியர்கள் தம் சுவர்ப்படங்களைத் திரை அச்சில், அதாவது ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில், குறிப்பிட்ட எண்ணிக்கைப் படிகளாக எடுத்து, மூலையில் எண்ணும் கையெழுத்தும் இட்டு, மேலே தூரிகையாலோ வண்ணத் தெளிப்பானாலோ கைமெருகு சேர்த்து விற்கின்றனர். இன்ன நாள் இன்ன மணிக்கு விற்பனை என்று அறிவிப்பு வரும். சில நிமிடங்களில் எல்லாம் தீரும். மறுநாளே பன்மடங்கு விலையில் மறுவிற்பனை தொடங்கும். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் குடியேறி, கணக்கு எழுதியும் தட்டச்சு அடித்தும் தலையெடுத்த நம் குடும்பங்களில், நல்ல ஊதியம் ஈட்டும் இளைய தலைமுறையினர் சிலருக்கும் இவ்வேட்கை தொற்றியுள்ளது. பொன்னில் போடுவதைவிட இதில் போடுவது மேல் என்று வாதிடுவோரும் உளர். அவர்களை நோக்கியே நாம் பேசுகிறோம். ஓவியம் வாங்குவதைக் குறை சொல்லவில்லை. வாங்கட்டும், நிறைய வாங்கட்டும். ஆனால் ‘வரையறுத்த பதிப்பு’, ‘கையெழுத்திட்டது’, ‘கைமெருகிட்டது’ என்னும் மூன்று அடைமொழிகளுக்காகப் பணம் கொடுக்கும்போது, எதை வாங்குகிறோம் என்று அறிந்து வாங்க வேண்டும் என்கிறோம். தெருவோவியத்தின் வணிகத்தில் இம்மூன்றும் பெரும்பாலும் செயற்கையான அருமைப்பாட்டை உண்டாக்கும் கருவிகள். அதனினும் கொடியது ஒன்றுண்டு. தெருவுக்குக் கொடுத்ததைத் தெருவிடமிருந்து திரும்பப் பிடுங்கும் கருவிகளும் இவையே.

முதலில் தொழிலைப் பார்ப்போம். ஒரு சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இறுக்கிக் கட்டுகின்றனர். ஒளிபட்டால் இறுகும் பசையை அதன்மேல் பூசி, படத்தின் நிழலை அதில் விழச் செய்கின்றனர். ஒளிபட்ட இடம் இறுகி அடைபட, படாத இடம் நீரில் கழுவப்பட்டுத் திறந்து கொள்கிறது. தாளின்மேல் சட்டத்தை வைத்து, மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு இழுத்தால் திறந்த கண்களின் வழியே மை இறங்கிப் படமாகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு திரை. 1907-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பார் பட்டுத்திரை கொண்டு அச்சிடும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். நம் கல்யாணப் பத்திரிகையும், தாம்பூலம் இட்டுக் கொடுக்கும் மஞ்சள் பையும், கடைப் பெயர்ப் பலகையும் இம்முறையில்தான் அச்சாயின. இத்தொழிலின் சிறப்பே எண்ணிக்கைதான். நன்கு அமைந்த ஒரு திரையில் ஆயிரக்கணக்கான படிகள் தெளிவு குன்றாமல் எடுக்கலாம்.

செப்புத்தகட்டு ஓவியத்தின் நிலை வேறு. கூரிய ஊசியால் தகட்டை நேரே கீறும் முறையில், கீறலின் ஓரத்தில் எழும்பி நிற்கும் உலோகப் பிசிறுதான் கோட்டுக்கு மென்மை தருவது. அழுத்த அழுத்த அப்பிசிறு தேய்ந்துவிடும். சில பத்துப் படிகளிலேயே படம் மங்கத் தொடங்கும். ஆகவே, முதற்படிக்கும் முப்பதாம் படிக்கும் உண்மையான வேறுபாடு உண்டு. இத்தனைதான் எடுத்தேன் என்று ஓவியர் எண்ணிட்டுச் சொன்னால் அது வாங்குவோர்க்குப் பயன் தரும் நேர்மை. திரை அச்சில் 150-ஆம் படி முதற்படியினும் எவ்வகையில் தாழ்ந்தது? எவ்வகையிலும் இல்லை. திரை தேயவில்லை, தேவையும் தேயவில்லை, வேண்டுமென்றே நிறுத்தப்பட்டது. ஊருணியில் நீர் நிறைந்திருக்க, குடத்துக்கு எண்ணிட்டு விற்கும் வேலை இது. வரையறை என்பது இங்கே பொருளின் இயல்பிலிருந்து பிறக்கவில்லை, விற்பவனின் விருப்பத்திலிருந்து பிறக்கிறது.

இம்முறை எதற்குப் பயன்பட வல்லது என்பதற்கு 1968 மே மாதப் பாரிஸ் நகரம் சான்று. மாணவரும் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்த அந்நாளில், நுண்கலைப் பள்ளியைக் கைப்பற்றிய மாணவர் இரவு பகலாகத் திரை அச்சில் சுவரொட்டிகள் எடுத்தனர். எவரும் தம் பெயரை இடவில்லை. எந்தப் படம் அச்சேற வேண்டும் என்பதைக் கூடியிருந்தோர் அனைவரும் கலந்து தீர்மானித்தனர். இவற்றை அழகுப்பொருளாக மாட்டாதீர், போராட்டத்தின் இடம் தெருவே என்று வெளிப்படையாக அறிவிக்கவும் செய்தனர். இன்று அத்தாள்களும் ஏலக்கூடங்களில் விலைகூறப்படுகின்றன. பெயரிடாததையும் விற்கத் தெரிந்த வணிகம், பெயரிட்டதை விட்டு வைக்குமா?

கையெழுத்துக்கு வருவோம். கையெழுத்து என்பது இதனை நான் கண்டேன், ஏற்றேன் என்னும் உறுதி. அவ்வுறுதி எத்துணை மலிவாகக்கூடும் என்பதை டாலியின் கதை காட்டும். 1974-இல் அண்டோராவுக்குச் சென்ற ஒரு வண்டியைப் பிரெஞ்சுச் சுங்கத்தார் நிறுத்திச் சோதித்தபோது, சால்வதோர் டாலியின் கையெழுத்து மட்டும் இட்ட வெற்றுத் தாள்கள் ஏறத்தாழ 40,000 அகப்பட்டன. படம் பின்னால் வரும். கையெழுத்து முன்னால் போகிறது! திரை அச்சைக் கலைக்கூடத்துக்குள் கொண்டு சென்றவருள் தலையாயவர் ஆண்டி வார்ஹால். 1967-இல் அவர் வெளியிட்ட மர்லின் மன்றோ படத்தொகுதி 250 எண்ணிக்கை கொண்டது. பின்னர் 1970 அளவில் அதே படங்களை வேறொரு கூட்டத்தார் அச்சிட்டு, உம் கையெழுத்தை நீரே இட்டுக் கொள்க என்னும் பொருளில் பின்புறம் முத்திரை குத்தி விற்றனர். வார்ஹாலோ, அவற்றுட் சிலவற்றில் இது என்னுடையது அன்று என்று எழுதித் தம் கையெழுத்தை இட்டார். அப்படி எழுதியதற்கும் தனி மதிப்பு உண்டாயிற்று என்றால் சிரிப்பதா அழுவதா?

கைமெருகே இவ்வணிகத்தின் நுட்பமான பகுதி. எளிதில் தள்ளிவிடத் தக்கதும் அன்று. அமெரிக்கத் தெரு ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரி பழைய செய்தித்தாள்களையும் தாள் துண்டுகளையும் ஒட்டித் தளம் அமைத்து, அதன்மேல் திரை அச்சிட்டு, மேலும் கையால் வண்ணம் தீட்டிச் சில படிகளை ஆக்குவார். நாளிதழ்த் துணுக்கின் எழுத்து வண்ணத்தின் ஊடே தோன்றி மறையும் அழகை நாம் மறுக்கவில்லை. உழைப்பு உண்டு, ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது. ஆனால் இவ்வொரு நேர்மையான முறையின் நிழலில் எத்தனை போலிகள் ஒதுங்குகின்றன! நூறு தாள்களை வரிசையாக விரித்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு தெளிப்பு, ஒரு வழிசல், ஓரத்தில் ஒரு கிழிசல், தேநீர்க் கறை போல் ஒரு பழுப்பு. அதுவும் உதவியாளன் கையால். உடனே அது ‘ஒவ்வொன்றும் தனி மூலம்’ ஆகிவிடுகிறது. விலை மூன்று மடங்காகிறது.

இதில் உள்ள முரண்பாட்டை அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். 37/100 என்னும் எண், நூறும் ஒன்றே போன்றவை என்று சொல்கிறது. கைமெருகோ, நூறும் வேறு வேறு என்று சொல்கிறது. வேறு வேறு என்றால் எண்ணுக்குப் பொருள் இல்லை. ஒன்றே போன்றவை என்றால் மெருகுக்குப் பொருள் இல்லை. இரண்டையும் ஒரே தாளில் இட்டு இரண்டுக்கும் விலை கேட்பது, ஒரே மாட்டை உழவுக்கும் பாலுக்கும் விற்பது போன்றது. நேர்மையான அச்சகத்தார், படிக்குப் படி மாறும் பதிப்பு என்று வெளிப்படக் குறித்துவிடுவர். அக்குறிப்பு இல்லாதவிடத்து ஐயம் கொள்வதே அறிவுடைமை. மேலும், எண்ணிட்ட படிகளுக்குப் புறம்பாக ஓவியர் தமக்கென்று வைத்துக் கொள்ளும் படிகள் என ஒரு வகை உண்டு. 100 என்று விளம்பரத்தில் படித்தவர், அவற்றையும் அச்சகத்தார்க்குரிய படிகளையும் கூட்டினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று கேட்டதுண்டா?

கைமெருகு நமக்குப் புதிதும் அன்று. இரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, இலக்குமியையும் கலைமகளையும் வண்ண அச்சுப் படங்களாக வெளியிட்டார். கோயிலுள் நுழையவொட்டாமல் தடுக்கப்பட்டோர் வீட்டிலும் அப்படங்கள் நுழைந்தன. எத்தனை படி என்று எவரும் வரம்பு கட்டவில்லை, கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தன. அவற்றை வாங்கிச் சென்ற இல்லத்துப் பெண்டிர் செய்ததுதான் வியப்பு. தேவியின் சேலைமேல் உண்மையான பட்டுத்துணியை வெட்டி ஒட்டினர், சரிகை தைத்தனர், சம்கியும் மணியும் கோத்து நகை பூட்டினர், அதன்பின் கண்ணாடிச் சட்டம் இட்டனர். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. கைமெருகு என்றால் அது கைமெருகு! அதனைச் செய்தவள் அந்தப் படத்தோடு வாழ்ந்தவள். ஓவியர் பெயரால் யாரோ ஒருவர் தெளித்த வழிசலுக்கு இல்லாத உரிமை அவள் ஊசிக்கு உண்டு. பின்னர்க் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு தீட்டிய தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாகி, கடைக்காரர் இலவசமாகக் கொடுக்க, ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் மடிந்தும் சுருண்டும் வட இந்திய நகரங்களின் வாடகை வீட்டுச் சுவர்களை வந்தடைந்தன. ஆண்டு முடிந்தபின் நாள் தாள்களைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிட்டு வைத்த வீடுகளில்தான் நம்மிற் பலர் வளர்ந்தோம். இன்று சரிகை தைத்த அப்பழைய படங்களும் ஏலத்துக்கு வருகின்றன. தைத்தவள் பெயரைப் பட்டியலில் காணோம்.

ஓவியர் பிழைக்க வேண்டாமா என்பது நம்மை மறுப்போர் எழுப்பும் தலையாய வினா. நியாயமான வினா. சுவரில் எழுதுவதற்குக் கூலி இல்லை; சில ஊர்களில் தண்டமும் சிறையும் உண்டு. தாளை விற்றுத்தான் வண்ணம் வாங்க வேண்டும். இதனை முற்றும் ஒப்புகிறோம். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இலண்டனில் 2003 அளவில் பாங்க்ஸியும் அவர்தம் தோழரும் ‘பிக்சர்ஸ் ஆன் வால்ஸ்’ என்னும் அச்சு நிலையத்தைத் தொடங்கியது, கலைக்கூடங்களின் வாயிலை மிதியாதவர்க்கும் படம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. 2002-இல் இலண்டன் சுவரில் எழுதப்பட்ட, இதய வடிவப் பலூனை நோக்கிக் கை நீட்டும் சிறுமியின் உருவம் 2004-இல் அங்கே அச்சாயிற்று. கையெழுத்திட்டவை 150, இடாதவை 600. தொடக்கத்தில் சாதாரண ஊதியக்காரர் வாங்கக்கூடிய விலைக்கு விற்றவை இன்று செல்வர்க்கு மட்டுமே எட்டும் விலையில் கைமாறுகின்றன. அந்நிலையம் 2017-இன் முடிவோடு மூடப்பட்டது. தாம் அச்சிட்டவை மற்றுமொரு வணிகச் சரக்கு ஆகிவிட்டன என்று நடத்தியவர்களே நகைப்பும் கசப்புமாக எழுதிவிட்டுக் கடையைக் கட்டினர்.

கைமாறும் அப்பெருந்தொகையில் ஓவியர்க்கு வருவது என்ன? இங்கிலாந்தில் 2006 முதல் மறுவிற்பனைப் பங்கு என்னும் சட்டம் உண்டு. தொடக்க அடுக்கில் நூற்றுக்கு நான்கு. விலை ஏற ஏற வீதம் இறங்கும். எஞ்சிய 96-உம் விற்றவர்க்கும் இடைநின்றவர்க்கும். அமெரிக்காவில் நாடு தழுவிய அத்தகைய சட்டமே இல்லை. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தில் 53அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிலை போகும் ஓவியத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத பங்கு படைத்தவர்க்கு உண்டு என்று ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் அப்பிரிவு பேசுவது ஓவியம், சிற்பம், வரைபடம் ஆகியவற்றின் மூலப்படியைப் பற்றி. எண்ணிட்ட அச்சுப்படிக்கு அங்கே தெளிவான சொல் இல்லை. ஆகவே, வாங்கி மறுநாளே விற்பவர் ஓவியரை வாழவைப்பதாகச் சொல்லிக் கொள்வது வெறும் வாய்ப்பேச்சு. ஓவியர் முதல் நாள் பெற்ற பணத்தோடு நின்றார். பின்னால் நடப்பது பிறர் ஆட்டம்.

அந்த ஆட்டத்தில் விலைபோவது படம் அன்று, சான்றிதழ் என்பதற்கு 2013 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்ததைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுமா? மத்தியப் பூங்காவின் ஓரத்தில் ஒரு முதியவரை உட்கார வைத்து, பாங்க்ஸி தம் கையெழுத்திட்ட உண்மையான படங்களை 60 டாலர் வீதம் விற்கச் செய்தார். நாள் முழுதும் வரவு 420 டாலர். ஒரு பெண்மணி பேரம் பேசிப் பாதி விலைக்கு இரண்டு வாங்கிச் சென்றார். எல்லாரும் கண்டனர், எவரும் நின்றிலர். அடுத்த ஆண்டில் அப்படங்களுள் இரண்டு மட்டும் இலண்டன் ஏலத்தில் ஏறத்தாழ 1,25,000 பவுண்டு பெற்றன. இடையில் படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை! 2008 முதல் பாங்க்ஸியின் படைப்புகளுக்கு உண்மைச் சான்று வழங்க ‘பெஸ்ட் கன்ட்ரோல்’ என்னும் அலுவலகம் இயங்குகிறது. அது வழங்கும் சான்றிதழில், ஓவியரே அச்சிட்ட போலிப் பத்துப் பவுண்டு நோட்டின் பாதித் துண்டு இணைக்கப்பட்டிருக்கும். மெய்யெனக் காட்டப் பொய் நோட்டு. இதனினும் வெளிப்படையாக ஓர் ஓவியர் வாங்குவோரைக் கேலி செய்ய இயலாது. ஆயினும் வாங்குவோர் வரிசை குறையவில்லை.

2018 அக்டோபர் 5-இல் சாத்பீஸ் ஏலத்தில் பத்து இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோன மறுகணம், பலூன் சிறுமியின் படம் சட்டத்துக்குள் ஒளித்த கத்திகளால் பாதி கிழிந்து தொங்கியது உலகறிந்த செய்தி. விலை சரிந்ததா? மூன்றாண்டு கழித்து, 2021-இல், அதே கிழிசல் 1 கோடியே 85 இலட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றது. அவ்வாண்டிலேயே ஒரு கூட்டத்தார், ஏலத்தில் படம் வாங்குவோரை மூடர் என்று பழிக்கும் பாங்க்ஸியின் அச்சுப்படி ஒன்றை ஏறத்தாழ 95,000 டாலருக்கு வாங்கி, உலகம் பார்க்கக் கொளுத்திவிட்டு, அதன் கணினிப் பதிவை மூன்றரை இலட்சம் டாலருக்கு மேல் விற்றனர். தாள் சாம்பலானபின் அதன் உரிமை மட்டும் விலை ஏறியது. இதன்பின்னும் இதனைக் கலைப்பற்று என்று கூறுவார் கூறுக.

வேறு வழி இல்லையா என்றால், உண்டு. கீத் ஹேரிங் 1980 முதல் நியூயார்க் சுரங்க இரயில் நிலையங்களில், விளம்பரம் ஒட்டாத கருந்தாள்களின்மேல் வெண்சுண்ணத்தால் உருவங்கள் எழுதினார். புகழ் வந்தபின் தம் ஓவியங்கள் செல்வர் கூடங்களுக்குள் அடைபடுவதைக் கண்டு, 1986-இல் லஃபயெட் தெருவில் ஒரு கடை திறந்தார். சட்டை, பொத்தான், சுவர்த்தாள் என எளிய விலைப் பொருள்கள். அவரைக் கடைக்காரர் என்று கலையுலகம் எள்ளியது. 1990-இல் அவர் மறைந்த பின்னும் அக்கடை 2005 வரை நடந்தது. ஃபேரியும் ஒருமுறை இவ்வழியில் நடந்தவரே. 2008 தேர்தலின்போது அவர் ஒபாமாவின் முகத்தைச் சிவப்பிலும் நீலத்திலும் அச்சிட்டு, முதலில் எடுத்த 700 தாள்களில் பாதியை விற்று, அப்பணத்தில் மேலும் அச்சிட்டார். மறுபாதியைத் தெருவில் ஒட்டினார். இலட்சக்கணக்கில் பெருகிய அவ்வுருவம் எண்ணிட்டதால் பெருகவில்லை.

இத்தாலியத் தெரு ஓவியர் பிளூ மற்றொரு முனைக்குச் சென்றார். போலோனா நகரில் சுவரிலிருந்து பெயர்த்த படங்களைக் கட்டணக் காட்சிக்கு வைக்க ஏற்பாடு நடந்தபோது, 2016 மார்ச்சில் அவர் அந்நகரில் இருபதாண்டுகளாகத் தாம் எழுதிய சுவரோவியங்களை எல்லாம் தோழர் துணையோடு சாம்பல் நிறம் பூசி மறைத்துவிட்டார். அவர் சினம் நமக்குப் புரிகிறது. ஆயினும் அதனை நாம் வழிமொழியவில்லை. அவற்றைக் காண நாள்தோறும் அவ்வழியே நடந்த எளிய மக்கள் என்ன பிழை செய்தனர்? பறிப்பவனை ஒறுக்கப் பெற்றவனைத் தண்டிப்பது அறம் ஆகாது.

தில்லித் தமிழர்க்கு இவ்வழக்கு தொலைவில் நடப்பது அன்று. லோதி குடியிருப்பு, ஆங்கிலேயர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் அரசு ஊழியர்க்கென எழுந்தது. அலுவலகக் கோப்புகளோடு வாழ்ந்த நம் முன்னோர் பலர் அவ்வட்டாரத்தில் குடியிருந்தனர். அருகே லோதி எஸ்டேட்டில் தமிழர் கல்விக் கழகப் பள்ளி இன்றும் உள்ளது. அக்குடியிருப்பின் சுவர்களில் 2015 முதல் ‘ஸ்டார்ட் இந்தியா’ அறக்கட்டளையின் முயற்சியால் இந்திய ஓவியரும் அயல்நாட்டவருமாக ஐம்பதுக்கு மேற்பட்ட பேரோவியங்கள் எழுதியுள்ளனர். வெயிலிலும் மழையிலும் அவை மங்குகின்றன. சிலவற்றின்மேல் புதியன எழுகின்றன. அவற்றைக் காணக் கட்டணம் இல்லை, பதிவு இல்லை, எண் இல்லை. அச்சுத்தாளுக்கு ஒரு திங்கள் ஊதியத்தைக் கொடுத்து, உருளைக் குழலில் சுருட்டிப் பரண்மேல் வைத்துவிட்டு, விலை ஏறிற்றா என்று கைபேசியைப் பார்க்கும் இளைஞர், அந்தத் தெருக்களில் ஒருமுறையேனும் பெற்றோரை அழைத்துச் சென்றதுண்டா?

அப்படியும் வாங்கியே தீர வேண்டும் என்பார்க்குச் சொல்வோம். கண்ணுக்குப் பிடித்ததை வாங்குக. இயன்றால் ஓவியரிடமே வாங்குக. எண்ணிட்டவை போக இன்னும் எத்தனை படிகள் உள்ளன, திரை அழிக்கப்பட்டதா, மெருகு யார் கையால் இட்டது, அவ்வோவியரின் சுவர்ப்படம் எந்தத் தெருவில் உள்ளது, அல்லது இருந்தது என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். நான்குக்கும் எழுத்தில் விடை தருவாராயின் சட்டமிட்டு, நேர்வெயில் படாத சுவரில், வருவோர் போவோர் காண மாட்டுக. விடை தராது, நாளை விலை ஏறும் என்று மட்டும் சொல்வாராயின், பங்குத் தரகரிடம் போவதே மேல். அவராவது தாம் விற்பது ஓவியம் என்று சொல்வதில்லை.